நடுவயதில் நெடுநடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

49 வயதில் நான் பிரான்ஸ் எல்லையோர ஊரான சான்-ழான்-பியே-தெ-போரிலிருந்து ஸ்பெயினின் சாந்தியாகோ தெ கம்போஸ்தெலா வரை, கமீனோ என்ற பழைய கிறிஸ்தவ யாத்திரைப் பாதையில் நடந்தேன். சுமார் 780 கிலோமீட்டர். 36 நாள், அதில் இரண்டு நாள் ஓய்வு. அதற்கு முந்தைய வருடம்தான் 24 வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த நிறுவனம் நான் இருந்த கிளையை இழுத்து மூடியிருந்தது. ஒரே மகளும் படிக்க வெளியூர் போய்விட்டாள். திரும்பி வந்ததிலிருந்து ஆளாளுக்குக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் நாற்பதைத் தாண்டியவர்கள்.

நடந்தால் வாழ்க்கை மாறிவிடுமா?

மாறாது. நடந்து முடித்த மறுநாள் கண்ணாடியில் தெரிந்தது அதே முகம்தான். கொஞ்சம் கறுத்திருந்தது, மூன்று கிலோ குறைந்திருந்தது, அவ்வளவே.

ஆனால் வேறொன்று நடக்கிறது. இனவரைவியலாளர் அர்னோல்ட் வான் கெனெப் 1909-ல் சடங்குகளைப் பற்றி ஒன்று சொன்னார். ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு ஆளைக் கடத்தும் சடங்குகளில் மூன்று கட்டம் உண்டு. முதலில் பழைய இடத்தை விட்டுப் பிரிவது. அடுத்து இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் வாசற்படியில் நிற்பது. பிறகு புது ஆளாக மறுபடி ஊருக்குள் சேர்வது. நெடுநடை என்பது ஐந்து வாரத்துக்கு நீட்டிவிட்ட வாசற்படி. அங்கே நீங்கள் மேலாளர் இல்லை, மருமகள் இல்லை, தவணை கட்டுகிறவர் இல்லை. ஒரு ஜோடி கால், ஒரு பை, மாலைக்குள் போய்ச் சேர வேண்டிய ஒரு படுக்கை.

மூன்றாவது கட்டத்தை மட்டும் பாதை நமக்குச் செய்து தராது. என்னைக் கேட்டால் விஷயமே அதில்தான் இருக்கிறது. கடைசியில் வருகிறேன்.

ஏன் இந்த வயதில் இப்படியொரு ஆசை வருகிறது?

'நடுவயது நெருக்கடி' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் எலியட் ஜாக்ஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர். 1965-ல் ஒரு கட்டுரையில் எழுதினார். அப்போது அவருக்கே 48 வயது, சொந்தக் கதையோ என்னவோ. சாவு என்பது மற்றவர்களுக்கு நடப்பது என்ற நினைப்பு கழன்று, நமக்கும் உண்டு என்று உறைக்கிற வயது இது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

ஜப்பானியர்கள் இதைக் கல்லிலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். சிகோகு தீவின் 88 கோயில் யாத்திரையில் 23-வது கோயில் யாகுஓஜி. அவர்கள் வழக்கில் பெண்ணுக்கு 33, ஆணுக்கு 42 கண்டமான வயது. கோயிலுக்கு ஏறும் படிக்கட்டில் ஒரு பகுதிக்கு 33 படி, இன்னொரு பகுதிக்கு 42 படி. படிக்கு ஒரு காசு வைத்துக்கொண்டே ஏறுவார்கள். 'அந்த வயசுல ஒரு கண்டம் இருக்கு' என்று நாமும் பேசிப் பழகியவர்கள்தானே, எனக்கு இது சட்டென்று பிடிபட்டது.

என் விஷயத்தில் தத்துவம் ஒன்றுமில்லை. காலை எட்டே முக்காலுக்குக் கிளம்ப ஓர் இடம் இல்லாமல் போனது. கால் அந்த நேரத்துக்குத் தானாக எழுந்து நின்றது.

எந்தப் பாதையைத் தேர்ந்தெடுப்பது?

தூரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களுக்குத் தனிமை வேண்டுமா, கூட்டம் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

கூட்டம் வேண்டுமென்றால் மகாராஷ்டிரத்தின் பண்டரிபுரப் பாதயாத்திரை, அவர்கள் சொல்லில் 'வாரி'. ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரரின் பல்லக்கும் தேஹுவிலிருந்து துக்காராமின் பல்லக்கும் கிளம்பி, ஏறக்குறைய மூன்று வாரம் நடந்து ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரம் சேரும். லட்சக்கணக்கானவர்கள் நடப்பார்கள். அங்கே ஒருவரையொருவர் 'மாவுலி' என்றுதான் கூப்பிடுவார்கள். தாய் என்று அர்த்தம். எழுபது வயது விவசாயியும் மாவுலி, இருபத்தைந்து வயது மென்பொருள்காரரும் மாவுலி. பெயரும் பதவியும் உதிர்ந்துபோவதற்கு இதைவிடக் குறுக்குவழி எனக்குத் தெரியாது.

தனிமை வேண்டுமென்றால் சிகோகு. முழுச் சுற்று சுமார் 1,200 கிலோமீட்டர், நடந்தால் 40 முதல் 60 நாள். கோபோ தைஷி என்ற பெயரும் உள்ள பௌத்தத் துறவி கூகாயின் (774–835) நினைவாக நடப்பது. கையில் இருக்கும் கோல்தான் அவர் என்பது ஐதீகம். அதனால் தனியாக நடப்பவரும் 'இருவராக' நடக்கிறார். இது வட்டம் என்பதும் முக்கியம். 88-ஐ முடித்து மறுபடி முதல் கோயிலுக்கே போய் நன்றி சொல்கிறவர்கள் நிறைய. சேருமிடம் என்று ஒன்று இல்லாத யாத்திரை.

இரண்டும் கலந்து வேண்டுமென்றால் நான் நடந்த கமீனோ. பகலில் மணிக்கணக்கில் தனியாக இருக்கலாம், மாலையில் விடுதியில் பத்து நாட்டுக்காரர்கள். வழி தவறுவது கஷ்டம், மஞ்சள் அம்புக்குறி போய்க்கொண்டே இருக்கும். அந்த அம்புகளைப் போடத் தொடங்கியவர் ஓ செப்ரெய்ரோ கிராமத்துப் பங்குத் தந்தை எலியாஸ் வலீனா. 1929-ல் பிறந்தவர். 1984 வாக்கில், ஐம்பத்தைந்தை நெருங்கிய வயதில், கார் நிறைய மஞ்சள் பெயின்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அப்போது அந்தப் பாதையில் நடப்பவர்களே சொற்பம். 2024-ல் சாந்தியாகோவில் சான்றிதழ் வாங்கியவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர். நடுவயதில் உருப்படியாக என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நான் அவரைத்தான் சொல்வேன்.

நான் கிறிஸ்தவர் இல்லை. கடவுள் நம்பிக்கையே இல்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். போகலாமா?

போகலாம். சாந்தியாகோ யாத்திரிகர் அலுவலகத்தில் எதற்காக நடந்தீர்கள் என்று கேட்பார்கள். மத, ஆன்மிகக் காரணம் என்றால் 'கம்போஸ்தெலா' என்ற லத்தீன் சான்றிதழ், வேறு காரணம் என்றால் ஒரு வரவேற்புச் சான்றிதழ். பொய் சொல்லத் தேவையே இல்லை. வழியில் யாரும் கேட்கவும் மாட்டார்கள், குறட்டை விடுவீர்களா என்று மட்டும் கேட்பார்கள்.

ஐந்து வாரம் விடுப்புக்கு வழியில்லை. குறைந்தது எத்தனை நாள்?

கம்போஸ்தெலா பெற 100 கிலோமீட்டர் நடந்தால் போதும், சைக்கிளில் என்றால் 200. அதனால்தான் சாரியா என்ற ஊரிலிருந்து, கடைசி 115 கிலோமீட்டர் சொச்சத்தை மட்டும் நடப்பவர்கள் ஏராளம். ஐந்தாறு நாளில் முடிந்துவிடும். தப்பில்லை. ஆனால் நடுவயதுக் குடைச்சலோடு போகிறவருக்கு அது போதாது என்பது என் கட்சி. முதல் வாரம் முழுக்க உடம்புதான் பேசும். கால், தோள், தூக்கம் என்றே பொழுது போகும். உடம்பு வாயை மூடிய பிறகுதான் மற்றது கேட்கத் தொடங்கும். 14 நாள் கிடைத்தால் போங்கள். வருடத்துக்கு ஒரு துண்டாக நடந்து, ஐந்தாறு வருடத்தில் முடிப்பவர்களையும் பார்த்தேன். எனக்கு அவர்கள் மேல் பொறாமை. அவர்களுக்கு அது தீரவே தீராது.

முழங்கால் வலி, சர்க்கரை, இரத்த அழுத்தம்... இதையெல்லாம் வைத்துக்கொண்டு முடியுமா?

இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாத நடுவயதுக்காரரை அந்தப் பாதையில் நான் அதிகம் பார்க்கவில்லை. ஆனால் மருத்துவரிடம் 'நடக்கலாமா' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். நடை நல்லதுதானே என்று சொல்லி அனுப்பிவிடுவார். 'ஒரு நாளைக்கு 20 முதல் 25 கிலோமீட்டர், ஆறேழு மணி நேரம், முதுகில் ஆறு கிலோ, தொடர்ந்து 30 நாள், நடுவில் ஏற்ற இறக்கம்' என்று கணக்கோடு கேளுங்கள். அவர் நிமிர்ந்து உட்கார்வார்.

சர்க்கரை இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, இவ்வளவு நடந்தால் இரத்தச் சர்க்கரை இறங்கும். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு அது அபாயமான அளவுக்கு இறங்கலாம். மருந்தின் அளவை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இனிப்பு எப்போதும் பைக்குள் இல்லாமல் கைக்கெட்டும் பாக்கெட்டில் இருக்கட்டும். இரண்டு, பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது. தினமும் இரவில் பாதத்தின் அடிப்பக்கத்தைச் சின்னக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். உணர்ச்சி நன்றாகவே குறைந்திருக்கிறது என்றால் இந்த யாத்திரை வேண்டாம். வாரி, கமீனோ எதுவாக இருந்தாலும் சரி.

இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் வெயிலில் நீர்ச்சத்து குறைவதைப் பற்றித் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முழங்காலைக் கெடுப்பது ஏற்றம் இல்லை, இறக்கம். முதல் நாள் பிரனீஸ் மலையில் 170 மீட்டரிலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் ஏறும்போது மூச்சுதான் வாங்கியது. அந்தப் பக்கம் ரொன்செஸ்வயேஸுக்கு இறங்கும்போது முழங்கால் அழுதது. இரண்டு ஊன்றுகோல் கட்டாயம். ஒன்று போதாது, அலங்காரத்துக்கு முதுகில் செருகிக்கொண்டால் சுத்தமாகப் போதாது. வலி அதிகமாக இருக்கும் நாளில் பையை அடுத்த விடுதிக்கு வண்டியில் அனுப்பி வைக்கும் சேவை உண்டு. நான் நான்கு நாள் அனுப்பினேன். வெட்கப்பட்டது முதல் நாள் மட்டும்தான்.

எவ்வளவு நாள் பயிற்சி?

மூன்று மாதம். வாரக்கடைசியில் ஒரே ஒரு நாள் 20 கிலோமீட்டர் நடந்துவிட்டு ஐந்து நாள் உட்கார்ந்திருப்பது பயிற்சியே இல்லை. நடந்த மறுநாளும் நடக்க வேண்டும். அந்த இரண்டாம் நாள் காலையில் பாதம் தரையைத் தொடும்போது எப்படி இருக்கிறது என்பதுதான் பரீட்சை. அதே ஷூ, அதே பை, அதே எடை. மாடிப்படி இருந்தால் இறங்கிப் பழகுங்கள்.

பையில் என்ன எடுத்துப்போவது?

இணையத்தில் ஆயிரம் பட்டியல் இருக்கிறது. பையின் எடை உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பார்கள், நல்ல விதி. நான் 62 கிலோ. புறப்பட்ட ஊரில் தராசில் தொங்கவிட்டபோது என் பை 9.4 கிலோ காட்டியது. அங்கிருந்த தன்னார்வலர் அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், 'புவென் கமீனோ' (நல்ல வழி அமையட்டும்) என்றார்.

மூன்றாம் நாள் மாலை பம்ப்லோனாவில் கட்டில்மேல் எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டாவது ஸ்வெட்டர். உலகத்தில் உள்ள எல்லா வியாதிக்கும் மாத்திரை அடைத்த ஒரு டப்பா. படிக்கப்போவதாக நினைத்த ஒரு தடிப் புத்தகம். ஒரு டேப்லெட், அதன் சார்ஜர், சார்ஜர் கெட்டுப்போனால் என்று இன்னொரு சார்ஜர். அடியில், பாலித்தீன் கவரில், இஸ்திரி போட்ட வெள்ளை மேல்சட்டை. வீடியோவில் யாராவது நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டுவிட்டால்? பிரனீஸ் மலைமேல் அதைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறேன். மேல் கட்டிலில் இருந்த டேனிஷ் பெண் எட்டிப்பார்த்து, கல்யாணத்துக்கா என்று கேட்டாள்.

மறுநாள் காலை தபால் நிலையத்துக்குப் போனேன். வேண்டாத சாமான்களைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தால் சாந்தியாகோ தபால் நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம், ஸ்பெயின் தபால் துறை யாத்திரிகர்களுக்காகவே வைத்திருக்கும் ஏற்பாடு. மூன்று கிலோ போனது. சட்டையை மட்டும் அந்தப் பெட்டியிலிருந்து இரண்டு தடவை வெளியே எடுத்து, மறுபடி உள்ளே வைத்தேன்.

கொப்புளம் வராமல் இருக்க?

உராய்வு, ஈரம், சூடு மூன்றும் சேர்ந்தால் கொப்புளம். ஷூ வழக்கத்தைவிட அரை அளவாவது பெரிதாக இருக்கட்டும், மாலைக்குள் பாதம் வீங்கும். பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், கம்பளி சாக்ஸ் நல்லது. மதியம் ஒரு தடவை ஷூவைக் கழற்றிக் காலை உலரவிட்டு சாக்ஸ் மாற்றுங்கள். ஓர் இடத்தில் சுள்ளென்று சூடு தெரிந்தால் அந்த நிமிடமே நின்று டேப் ஒட்டுங்கள். 'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே' என்ற வாக்கியத்துக்கு நான் கொடுத்த விலை இரண்டு நாள் ஓய்வு. கால் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மொலினசேகாவுக்கு இறங்கும் பாறைச் சரிவில் என் வலது கட்டைவிரல் நகம் கறுத்தது, வீட்டுக்கு வந்த பிறகு விழுந்தது.

தனியாகப் போவதா, கணவரோடோ மனைவியோடோ போவதா?

ஒருவர் நடை இன்னொருவருக்கு வராது. 25 வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களுக்கு அது முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். காலையில் பிரிந்து மாலையில் ஒரே விடுதியில் சந்திப்பது என்று வைத்துக்கொண்ட தம்பதிகள் சந்தோஷமாக இருந்தார்கள். கையைக் கோத்துக்கொண்டே நடப்பது என்று தொடங்கியவர்களில் ஒரு ஜோடி, பாதையின் முதல் பகுதியில் வரும் லோக்ரோனோ ஊருக்கு முன்பே பேச்சை நிறுத்தியிருந்தது.

என் கணவர் வரவில்லை. 'நீ எதையோ தேடிப் போற. நான் வந்தா என்னைத்தான் பாத்துக்கிட்டே இருப்ப' என்றார். அப்போது கோபம் வந்தது. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

பெண் தனியாக நடப்பது பாதுகாப்பா?

ஆயிரக்கணக்கான பெண்கள் தனியாக நடக்கிறார்கள், எனக்கு ஒரு சங்கடமும் நேரவில்லை. ஆனால் முழுப் பாதுகாப்பு என்று எந்தப் பாதையைப் பற்றியும் யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. விடியுமுன் இருட்டில் தனியாகக் கிளம்ப வேண்டாம். யாராவது கூட நடப்பது பிடிக்கவில்லை என்றால் பின்தங்கி அடுத்த குழுவோடு சேர்ந்துகொள்ளுங்கள், மரியாதைக்காகச் சகிக்க வேண்டியதில்லை. அவசர எண் 112. ஸ்பெயின் உள்துறை அமைச்சகத்தின் அலெர்ட்காப்ஸ் செயலியையும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் எழுதாத ஒன்று. மாதவிடாய் நிற்கும் காலத்தில் இருப்பவர்கள் விடுதியில் ஜன்னலோரக் கீழ்க் கட்டிலைக் கேட்டு வாங்குங்கள். நடுராத்திரி உடம்பு கொதித்து வியர்க்கும்போது, ஏணியில் தடவித் தடவி இறங்கி நாற்பது பேர் குறட்டைக்கு நடுவே குளியலறையைத் தேடுவதைப்போல அலுப்பான வேலை வேறில்லை. இரவு உடுப்பு இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள், எடை போனால் போகட்டும்.

வழியில் சலிப்பு வராதா?

வரும். அதற்காகத்தான் போகிறோம் என்றுகூடச் சொல்லலாம்.

புர்கோஸுக்கும் லெயோனுக்கும் நடுவே மெசேத்தா என்ற சமவெளி. ஒரு வாரத்துக்கு மேல் தட்டையான கோதுமை வயல். நான் நடந்தது செப்டம்பரில், அறுவடை முடிந்து வெறும் தாள்தான் நின்றது. கர்ரியோன் தெ லோஸ் கோந்தெஸ் ஊரைத் தாண்டினால் அடுத்த ஊருக்கு 17 கிலோமீட்டர், நடுவில் ஒரு கிராமமும் இல்லை. கோடு போட்டதுபோல நேராக ஒரு சரளைப் பாதை. அடுத்த ஊர் பள்ளத்தில் ஒளிந்திருப்பதால் கிட்டே போகும்வரை கண்ணுக்கே தெரியாது. நிறையப் பேர் இந்தப் பகுதியை பஸ்ஸில் தாண்டிவிடுகிறார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள்.

அங்கே நான் என் பழைய மேலாளரோடு சண்டை போட்டேன். மனசுக்குள்தான். கிளையை மூடும் செய்தியை அவர் சொன்ன விதத்தில் தொடங்கி, 2009-ல் மறுத்த பதவி உயர்வுவரை போய், அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில்களையெல்லாம் திருத்தித் திருத்திச் சொன்னேன். ஒரு பதில் மிக நன்றாக வந்தது, சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன். எதிரே ஆடு மேய்த்தவர் கையை உயர்த்தி வணக்கம் சொன்னார். மூன்று நாள் இப்படி. நான்காம் நாள் காலை, சாககூன் ஊரை நெருங்கும்போது அந்த வழக்கை எடுத்தால் அதில் சத்து இல்லை. இரண்டு வரி ஓடி நின்றுவிட்டது. மன்னிப்பு, ஞானம் என்றெல்லாம் பெரிய பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை. தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். வீட்டில் இருந்திருந்தால் அதைத் தினம் பத்து நிமிடமாகப் பத்து வருடம் ஓட்டியிருப்பேன்.

எல்லோரும் அழுவார்கள் என்கிறார்களே?

இரும்புச் சிலுவை என்ற இடத்தில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், நீண்ட மரக்கம்பத்தின் உச்சியில் ஒரு சின்னச் சிலுவை. கீழே கற்குவியல். ஊரிலிருந்து கொண்டுவந்த கல்லை, மனச்சுமையின் அடையாளமாக, அங்கே போடுவது வழக்கம். நான் கல் கொண்டுபோக மறந்துவிட்டேன். இருநூறு மீட்டர் முன்னால் பாதையிலேயே ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டேன். திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றேனே தவிர அழுகை வரவில்லை. அழுதது பத்து நாள் கழித்து, ஒரு விடுதி வாசலில், ஈர ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்துக்கொண்டிருந்தபோது. காரணம் இன்றுவரை தெரியாது.

பாதியில் நிறுத்தினால் தோல்வியா?

அப்பர் கயிலைக்குப் புறப்பட்ட கதை தெரிந்திருக்கும். வயதான காலத்தில் நடந்தார். பாதம் தேய்ந்ததும் கையை ஊன்றித் தவழ்ந்தார், பிறகு மார்பால் ஊர்ந்தார், புரண்டார். கயிலைக்குப் போய்ச் சேரவில்லை. வழியில் ஒரு பொய்கையில் மூழ்கச் சொன்னார்கள். எழுந்த இடம் திருவையாறு, கயிலைக் காட்சி அங்கேயே கிடைத்தது. பாதியில் நிறுத்தியவர்களில் முதல்வர் அவர்.

இன்னொரு பக்கம், சுள்ளென்ற முழங்கால் வலியோடு பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து, இன்று மாடிப்படி ஏற முடியாமல் இருக்கும் ஒருவரையும் எனக்குத் தெரியும். அவரிடம் சான்றிதழ் இருக்கிறது.

வேலையை விட்டுவிட்டுப் போகலாமா?

எனக்கு அந்த முடிவை நிறுவனமே எடுத்துத் தந்துவிட்டது, அதனால் வீரம் பேச மாட்டேன். சம்பளமில்லா விடுப்புக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். ராஜினாமாக் கடிதம் எழுதித்தான் தீர வேண்டும் என்றால் போய்வந்து மூன்று மாதம் கழித்து எழுதுங்கள். வழியில் எடுத்த பெரிய முடிவுகளை விமான நிலையத்தில் இறங்கியதும் அறிவித்து, ஆறு மாதத்தில் திரும்பப் பெற்றவர்கள் உண்டு.

போய்ச் சேர்ந்தபோது எப்படி இருந்தது?

மழை. பேராலய வாசலில் பத்து நிமிடம் நின்றேன். பிறகு யாத்திரிகர் அலுவலகத்தில் டோக்கன் எடுத்து வரிசையில் உட்கார்ந்தேன். மறுநாள் தபால் நிலையத்தில் என் பெட்டியை வாங்கினேன்.

திரும்பி வந்த பிறகு என்ன ஆகும்?

இதை யாரும் முதலில் கேட்பதில்லை.

பழைய காலத்து யாத்திரிகருக்கு சாந்தியாகோ பாதிவழிதான். வந்த வழியே நடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். போகும்போது கழற்றிப் போட்டதில் எது எது வேண்டும் என்று பொறுக்கிக்கொண்டு வர அவருக்கு மாதக்கணக்கில் அவகாசம் இருந்தது. நாம் 36 நாளில் நடந்ததை விமானம் ஒரே பகலில் சுருட்டிவிடுகிறது. வான் கெனெப் சொன்ன மூன்றாவது கட்டத்துக்கு நேரமே ஒதுக்குவதில்லை.

முதல் இரண்டு வாரம் காலை ஐந்தரைக்கு விழித்துக்கொண்டு, எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் கூடத்தில் நின்றேன். வீட்டுக்காரர்களுக்கும் அந்த 36 நாள் நடந்திருக்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கணவர் சமையலறை டப்பாக்களை எல்லாம் தன் வசதிக்கு இடம் மாற்றி வைத்திருந்தார். நான் ஒரு வார்த்தை பேசாமல் பழையபடி அடுக்கினேன். மறுநாள் அவர் ஒரு வார்த்தை பேசாமல் தன் முறைக்கு அடுக்கினார். மூன்றாம் நாள் உட்கார்ந்து பேசினோம். டப்பாவில் தொடங்கிய பேச்சு இரவு பன்னிரண்டுவரை போனது. டப்பாக்கள் இப்போது அவர் வைத்த இடத்தில்தான் இருக்கின்றன, எண்ணெய் மட்டும் என் பக்கம்.

கேட்பவர்களுக்கு நான் சொல்வது, திரும்பியதும் ஒரு வாரமாவது எந்தப் பொறுப்பிலும் ஏறாமல் இருங்கள். அனுபவத்தை எல்லோரிடமும் சொல்லாதீர்கள். நான்காவது தடவை சொல்லும்போது அது கதையாகிவிடும். பிறகு உங்களுக்கே கதைதான் ஞாபகம் இருக்கும். தினமும் ஒரு வேளையாவது நடப்பதை மட்டும் விடாதீர்கள்.

வேலை? ஐந்து மாதம் கழித்து இரண்டு சிறு அறக்கட்டளைகளுக்குக் கணக்கு எழுத ஒத்துக்கொண்டேன், வாரத்தில் மூன்று நாள். அதே பற்று, அதே வரவு. சம்பளம் பழையதில் பாதிக்கும் கீழே. தெரியாத விஷயம் வந்தால் முன்பெல்லாம் இரண்டு நாள் மழுப்புவேன். இப்போது தெரியாது என்று அன்றைக்கே சொல்கிறேன். மாறியது என்று நிச்சயமாகச் சொல்ல எனக்கு இருப்பது இந்த ஒன்றுதான்.

மறுபடி நடப்பீர்களா?

வரும் ஏப்ரலில் சிகோகு. முழுச் சுற்று இல்லை, தொக்குஷிமா மாவட்டத்தில் வரும் முதல் 23 கோயில்கள் மட்டும். யாகுஓஜி படிக்கட்டு வரைக்கும். போன வாரம் பையைக் கட்டி எடை போட்டுப் பார்த்தேன், 5.6 கிலோ. கணவர் ஒரு சின்ன டப்பாவை நீட்டி, இதற்கு இடமிருக்குமா என்று கேட்டார். படிக்கு ஒன்றாக வைக்கச் சில்லறை.